கைதி எழுதிய கடிதம்

1999ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது, கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகைப் பணிமனைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். எங்கள் ஊரவர்; வெள்ளவத்தையில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். கையில் ஒரு மின்னஞ்சலின் அச்சுப் பிரதி. மருமகனின் முகவரிக்கு வந்தது அது. மருமகன் பொருட்படுத்தவில்லை, மாமனார் பொருட்படுத்திவிட்டார். 1998 ஜூன் மாதத்தில் இறந்த நைஜீரிய இராணுவ ஆட்சியாளர் சனி அபாச்சாவின் விதவை என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அதனை எழுதியிருந்தார். கணவர் விட்டுச்சென்ற பெருந்தொகையை நாட்டுக்கு வெளியே எடுக்க நம்பகமான ஒருவரின் வங்கிக் கணக்கு வேண்டும். உதவுபவருக்குப் பங்கு உண்டு. விடயம் வெளியே தெரியக்கூடாது.

"தம்பி, இதுக்கு ஒரு பதில் எழுதி வைச்சிருக்கிறன். இங்கிலீசை ஒருக்காப் பார்த்துத் தாரும்" என்றார்.

பார்த்துக் கொடுத்தேன். அபாச்சா இறந்தது உண்மை. அவரது குடும்பத்தினர் பெரும் பணத்தை வெளிநாட்டு வங்கிகளில் வைத்திருந்ததும் உண்மை. நாள்தோறும் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த உண்மைகளே கண்ணை மறைத்தன. பின்னர் சட்டத்தரணிக்கான கட்டணம் கேட்டார்கள், அதன்பின் வரி, அதன்பின் ஏதோவொரு முத்திரைச் செலவு. மனைவியின் நகைகள் அடைவுக்குப் போயின. பொலிஸாரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். கள்ளப் பணத்தில் பங்கு கேட்டுக் கடிதம் எழுதியவர் எந்த முகத்துடன் முறைப்பாடு செய்வார்?

அந்தக் கேள்விதான் இந்த மோசடியின் வரலாற்றைத் தேட வைத்தது. தேடத் தேட அது நைஜீரியாவை விட்டு விலகிச் சென்று, பாரிசுக்கு அருகிலிருந்த பிசெத்ர் சிறையில் போய் நின்றது.

யூஜீன் பிரான்சுவா விடொக் முதலில் குற்றவாளி, பின்னர் பாரிஸ் பொலிஸின் துப்பறியும் பிரிவுத் தலைவர். 1828இல் வெளிவரத் தொடங்கிய தமது நினைவுக் குறிப்புகளில், "ஜெருசலேம் கடிதங்கள்" என்று கைதிகள் அழைத்த ஒரு தொழிலை அவர் விவரிக்கிறார். மாகாணங்களிலிருந்து புதிதாக வரும் கைதிகளிடம் அவ்வூர்ச் செல்வந்தர்களின் முகவரிகளை விசாரித்து அறிந்துகொள்வார்கள். பின்னர், பிரெஞ்சுப் புரட்சியின்போது தப்பியோடிய பிரபு ஒருவரின் வேலையாள் என்ற பெயரில் கடிதம் போகும். பொன்னும் வைரமும் கொண்ட பேழையொன்றை இன்ன இடத்தில் மறைத்தோம். அதைத் தேடி வந்த இடத்தில் அகப்பட்டுச் சிறையில் கிடக்கிறேன். இடத்தைக் காட்டும் வரைபடம் இருக்கும் பெட்டியை மீட்கச் சிறுதொகை தேவை. நூறு கடிதங்களுக்கு இருபது பதில்கள் வந்தன என்கிறார் விடொக்.

புரட்சி நடந்ததும் பிரபுக்கள் ஓடியதும் உண்மை என்பதைக் கவனியுங்கள். பொய் எப்போதும் அன்றைய செய்தியின் தோளில் ஏறியே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கைதி ஸ்பானியச் சிறைக்கு மாறினார். மோசடிக்கு "ஸ்பானியக் கைதி" என்ற பெயரே நிலைத்தது. 1898 மார்ச்சில், கியூபா விவகாரத்தால் அமெரிக்காவும் ஸ்பெயினும் போரின் விளிம்பில் நின்ற வேளையில், பழைய மோசடி மீண்டும் தலைதூக்கியிருப்பதாக நியூயோர்க் ரைம்ஸ் வாசகர்களை எச்சரித்தது.

ஆகவே, இதனை "நைஜீரிய மோசடி" என்று உலகம் அழைப்பது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. 1980களில் எண்ணெய் விலை வீழ்ந்து, படித்த இளைஞர் வேலையின்றி அலைந்த நாடு நைஜீரியா. பழைய தொழில் அங்கே புதிய கைகளைக் கண்டது, அவ்வளவுதான். அந்நாட்டுக் குற்றவியல் சட்டக்கோவையின் மோசடிப் பிரிவு எண் 419 என்பதால் அதுவே தொழிலின் பெயராயிற்று. ஏமாந்தவர்கள் எங்கள் ஆசிரியரைப் போன்றவர்கள் மட்டுமல்லர். 1995 முதல் 1998 வரை பிறேசிலின் நொரோஎஸ்தே வங்கியிலிருந்து 24 கோடி 20 இலட்சம் டொலர் வெளியேறியது. இம்மானுவேல் நிவுடே என்பவர் நைஜீரிய மத்திய வங்கி ஆளுநராகத் தம்மைக் காட்டிக்கொண்டு, அபுஜாவில் கட்டப்படாத விமான நிலையத்துக்கு முதலீடு பெற்றார். 2005இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது.

மின்னஞ்சல் இத்தொழிலுக்குத் தந்தது ஒன்றே: செலவின்மை. விளம்பர மின்னஞ்சலை மொத்தமாக அனுப்பும் வழக்கம் 1978 மே 3ஆம் திகதி ஏறக்குறைய 400 பேருக்குப் போன ஒரு கணினி விளம்பரத்தோடு தொடங்கியது. தபால் முத்திரை ஒட்ட வேண்டியிராதபோது நூறுக்கு இருபது எதற்கு? இலட்சத்துக்கு ஒருவர் போதும். மைக்ரோசொப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹேர்லி 2012இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நைஜீரியா என்ற பெயரையும் நம்பமுடியாத கதையையும் இவர்கள் கைவிடாதது அறியாமையால் அன்று. சந்தேகப்படுவோர் முதல் வரியிலேயே விலகிவிட்டால் எஞ்சுவோரோடு மட்டும் நேரத்தைச் செலவிடலாம் என்பதால்தான்.

எங்கள் நாட்டையும் ஒரு மின்னஞ்சல் தொட்டுச் சென்றது. வேலை தேடுபவர் போல நடித்து பங்களாதேஷ் வங்கி ஊழியர்களுக்கு 2015இல் அனுப்பப்பட்ட கடிதங்களின் வழியாகவே திருடர்கள் அதன் கணினிகளுக்குள் புகுந்தனர். 2016 பெப்ரவரியில் கிளம்பிய பணத்தில் 2 கோடி டொலர் இலங்கை அமைப்பொன்றின் கணக்குக்கு வந்தது. பெயரில் இருந்த எழுத்துப் பிழையை வங்கியாளர் கவனித்ததால் அது திரும்பியது. பிலிப்பைன்சுக்குச் சென்ற 8 கோடி 10 இலட்சத்தில் பெரும்பகுதி திரும்பவில்லை. ஆசிரியரின் கடிதத்தில் நான் திருத்திக் கொடுத்த பிழைகள் அன்று நினைவுக்கு வந்தன.

அண்மைக் காலத்தில் தொழில் கைத்தொலைபேசிக்கு மாறிவிட்டது. அறியாத பெண் நட்பாகப் பேசுவாள், முதலீடு ஒன்றைக் காட்டுவாள். மறுமுனையில் இருப்பது பெரும்பாலும் பெண்ணுமல்ல, சுதந்திர மனிதருமல்ல. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் இவ்வேலையில் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. மியாவதிப் பகுதியில் இவ்வாறு அகப்பட்டவர்களுள் இலங்கையரும் இருந்தனர்.

மீண்டு வந்த ஓர் இளைஞரைச் சந்தித்தேன். தாய்லாந்தில் கணினி வேலை என்ற விளம்பரத்தை நம்பி, காணியை ஈடுவைத்துப் போனவர். பதினாறு மணி நேரம் பிறருக்குக் கடிதம் எழுதினாராம். இலக்கை எட்டாவிட்டால் அடி.

"வீட்டுக்கு உண்மையைச் சொல்லி எழுத முடியவில்லையா?" என்று கேட்டேன்.

"ஒருக்கா எழுதினனான் சேர். அடைச்சு வைச்சிருக்கினம், காசு அனுப்பினால் விடுவினம் எண்டு. அம்மா அதை ஏமாத்து எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டா."