கோல்டன் குவார்டெட்: டிரம்பெட் தலைமையில் ஒரு நால்வர் குழு

கோல்டன் குவார்டெட், அமெரிக்க டிரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஜாஸ் நால்வர் குழு. டிரம்பெட், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் என்பது இதன் அமைப்பு. 2008-இல் வெளிவந்த ‘தப்லீக்’ இக்குழுவின் முக்கியமான இசைத்தட்டுகளில் ஒன்று. அதில் பியானோ வாசித்தவர் விஜய் ஐயர். இவர் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல் ஜாஸ் இசைத்தட்டின் தலைப்பானதற்குப் பின்னால், மிசிசிப்பியில் தொடங்கும் ஒரு வரலாறு உண்டு.

டிரம்பெட்டும் நால்வர் குழுவும்

ஜாஸில் டிரம்பெட் கலைஞர் தனியாகத் தலைமை ஏற்கும் நால்வர் குழு அதிகம் இல்லை. ஐவர் குழுவே வழக்கம். டிரம்பெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்ஸஃபோன் இருக்கும். இதற்குக் காரணம் உதடு. டிரம்பெட்டில் ஒலி பிறப்பது ஊதுபவரின் உதட்டு அதிர்விலிருந்து. அந்தத் தசை விரைவில் களைத்துவிடும். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்டைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். ஒருவர் ஊதும்போது இன்னொருவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து ஓய்வு கொடுத்துக்கொள்வார். நால்வர் குழுவில் அந்த இன்னொருவர் இல்லை. மெட்டைச் சொல்வதும் அதை விரித்துச் செல்வதும் ஒரே ஆளின் உதட்டில் நிற்கின்றன. பிசிறினால் மறைக்க ஆள் இல்லை.

அப்படித் துணிந்தவர்களின் இசைத்தட்டுகள் சில ரசிகர்களிடம் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஜெர்ரி மல்லிகனின் பியானோ இல்லாத நால்வர் குழுவில் 1952-இல் புகழ்பெற்ற செட் பேக்கர், அடுத்த ஆண்டே பியானோ கலைஞர் ரஸ் ஃப்ரீமனுடன் தன் பெயரில் நால்வர் குழு அமைத்தார். மைல்ஸ் டேவிஸ் 1955 ஜூனில் ‘த மியூசிங்ஸ் ஆஃப் மைல்ஸ்’ பதிவுசெய்தார். லீ மார்கன் ‘கேண்டி’ பதிவுசெய்தபோது அவருக்கு வயது 19. கென்னி டோர்ஹமின் ‘கொயட் கென்னி’ 1959-இல் பதிவானது. இவற்றில் ‘கொயட் கென்னி’யே தலைசிறந்தது என்று சொல்ல இடமுண்டு. உரக்க ஊதி வெல்ல முயலாமல், இடைவெளி விட்டுப் பேசுகிற ஊதல் அது. ஸ்மித்தின் ஊதலும் அந்தப் பக்கம் சேர்ந்ததுதான், ஆனால் அவர் அந்த இடைவெளியை இன்னும் வெகுதூரம் கொண்டுசென்றார்.

இந்திய இசையின் பக்கம் திரும்பிய டிரம்பெட் கலைஞர்களும் உண்டு. 1960-இல் நால்வர் குழுவோடு ‘ஹவ் டைம் பாஸஸ்’ பதிவுசெய்த டான் எல்லிஸ், பின்னர் ரவிசங்கரின் மாணவர் ஹரிஹர் ராவிடம் தாளம் கற்றார். இருவரும் சேர்ந்து ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட் என்ற குழுவை நடத்தினர்.

லியோ ஸ்மித்

ஸ்மித் 1941 டிசம்பர் 18 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் லீலண்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ப்புத் தந்தை அலெக்ஸ் வாலஸ் புளூஸ் கிதார் கலைஞர். ஸ்மித் புளூஸ் குழுக்களிலும் பிறகு ராணுவ பேண்டுகளிலும் வாசித்தார். 1955-இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் அதே மிசிசிப்பியில் கொல்லப்பட்டபோது ஸ்மித்துக்கு 13 வயது. கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. ஸ்மித்தின் பிற்கால இசையில் அந்தச் சிறுவனின் பெயர் ஒரு தலைப்பாகவே வருகிறது.

1960களின் பிற்பகுதியில் சிகாகோவின் ஏ.ஏ.சி.எம். என்ற கறுப்பின இசைக்கலைஞர் அமைப்பில் சேர்ந்தார். அப்போதே தனக்கென ஒரு இசைக்குறிப்பு முறையை உருவாக்கத் தொடங்கினார். அது ‘ஆங்க்ரஸ்மேஷன்’ எனப்படுகிறது. ஐந்து கோடுகளில் ஸ்வரங்களை எழுதுவதற்குப் பதிலாக நிறங்களும் வடிவங்களும் வரையப்படும். வாசிப்பவர் அவற்றை ஆராய்ந்து தன் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். மனம்போன போக்கில் வாசிப்பது என்று இதை எண்ணுவது பிழை. ஒவ்வொரு சின்னத்துக்கும் முன்தயாரிப்பு தேவை, தவறாக வாசிக்கவும் முடியும்.

ஸ்மித் முதலில் ரஸ்தஃபாரி நெறியைத் தழுவினார். பிறகு இஸ்லாத்தை ஏற்று இஸ்மாயில் வடாடா லியோ ஸ்மித் ஆனார். அவருடைய தலைப்புகளின் திசை மாறியது இதன் பிறகுதான்.

முதல் இரண்டு இசைத்தட்டுகள்

தொடக்கக் குழுவில் பியானோவில் ஆண்டனி டேவிஸ், பேஸில் மலாகை ஃபேவர்ஸ், டிரம்ஸில் ஜாக் டிஜானெட் இருந்தனர். டேவிஸ், மால்கம் எக்ஸ் வாழ்வை ஓப்பராவாக்கியவர். டிஜானெட், மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் புரூ’ பதிவில் வாசித்தவர். 2000-இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் ஒரு பகுதி, முந்தைய ஆண்டு மறைந்த டிரம்பெட் கலைஞர் லெஸ்டர் போவிக்கு அஞ்சலி.

இரண்டாவது, 2002-இல் வந்த ‘த இயர் ஆஃப் த எலிஃபன்ட்’, அதாவது யானை ஆண்டு. ஆம்பூரின் மதரஸா மாணவருக்குக்கூட இதை விளக்க வேண்டியதில்லை. அப்ரஹா யானைப்படையோடு மக்காவை நோக்கி வந்த ஆண்டு அது, நபிகள் நாயகம் பிறந்த ஆண்டும் அதுவே என்பது மரபு. ஸூரத்துல் ஃபீல் பேசுவது இந்த நிகழ்வை. மதீனாவும் ஜம்ஜம் கிணறும் இதே இசைத்தட்டில் தலைப்புகளாக வருகின்றன, கூடவே மைல்ஸ் டேவிஸுக்கு ஒரு காணிக்கையும். அமெரிக்க விமர்சகர்களில் பலர் மைல்ஸை உடனே கேட்டுவிட்டனர். யானையை அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

தப்லீக்

ஃபேவர்ஸ் 2004-இல் மறைந்தார். ஸ்மித் குழுவைப் புதிதாக அமைத்தார். பேஸில் ஜான் லிண்ட்பெர்க் வந்தார். டிரம்ஸில் ஆர்னெட் கோல்மன், செசில் டெய்லர் இருவரோடும் வாசித்த ரொனால்ட் ஷானன் ஜாக்சன். பியானோவில் விஜய் ஐயர்.

விஜய் ஐயர் 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். சிறுவயதில் முறையாகக் கற்றது மேற்கத்திய வயலின். பியானோவைப் பெரும்பாலும் தானே பழகிக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1998-இல் முனைவர் பட்டம் பெற்றார். கர்நாடக இசையின் தாளக் கணக்குகள் அவர் வாசிப்பில் உண்டு. ஆனால் அவர் முதலில் தேடிச்சென்றது கறுப்பின இசை மேதைகளை. தெற்காசியப் பின்னணி கொண்டவர் என்பதால் அவர் இசையில் சிதார் வாசனை தேடிய விமர்சகர்களுக்கு இது பிடிபடவில்லை.

2001 செப்டம்பருக்குப் பிறகு, பழுப்பு நிறத்தவரும் முஸ்லிம் பெயர் கொண்டவரும் அமெரிக்க விமான நிலையங்களில் நடத்தப்பட்ட விதம் ஐயரின் பொருளாகவே ஆனது. மைக் லாட் என்ற கவிஞருடன் 2003-இல் அவர் வெளியிட்ட ‘இன் வாட் லாங்வேஜ்’ அதைப் பற்றியது. அதே ஆண்டுகளில்தான் அவர் ஸ்மித்தின் குழுவில் வாசித்தார். ‘தப்லீக்’ என்ற சொல்லை இசைத்தட்டின் அட்டையில் அச்சிடுவது அந்தக் காலத்தில் சாதாரணச் செயல் அல்ல. 1920களில் மேவாத்தில் மௌலானா இல்யாஸ் தொடங்கிய இயக்கம் அச்சொல்லைத் தென்னாசியாவெங்கும் பரப்பியது. ஆம்பூர் வட்டாரத்தில் அதைக் கேட்டதும் ஜமாஅத்தில் செல்பவர்களே நினைவுக்கு வருவர். அரபியில் அதன் பொருள் செய்தியைச் சேர்ப்பித்தல். டிரம்பெட் கலைஞர் ஒருவர் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமே. எக்காளமும் கொம்பும் பழங்காலம் முதல் அந்த வேலையைத்தான் செய்துவந்தன.

இசைத்தட்டில் நான்கு பகுதிகள் மட்டுமே. முதலாவது ‘ரோசா பார்க்ஸ்’. 1955 டிசம்பரில் மான்ட்கோமரி பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்த பெண்ணின் பெயர். அடுத்தது பழைய டிரம்ஸ் கலைஞர் டிஜானெட்டின் பெயரில். தலைப்புப் பகுதி நான்காவது, 20 நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. ஐயர் பியானோவோடு மின்பியானோவும் வாசிக்கிறார். ரோசா பார்க்ஸும் தப்லீக்கும் ஒரே அட்டையில் இருப்பதை முரணாகக் காண்பவர்கள் ஸ்மித்தின் பிறந்த ஊரை மறந்துவிடுகிறார்கள்.

தோல் நகரங்களுக்கு மிக நெருக்கமானது மூன்றாவது பகுதி. அதன் தலைப்பு குளிர்காலத்திலும் கோடையிலும் செல்லும் வணிகக் கூட்டங்களைக் குறிக்கிறது. ஸூரத்துல் குறைஷ் பேசும் மக்கா வணிகர்களின் பயணங்கள் இவை. அந்தக் கூட்டங்கள் எதைச் சுமந்து சென்றன என்பது வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாள் விவாதம். வாசனைப் பொருள் என்று பலகாலம் நம்பப்பட்டது. பட்ரீஷியா க்ரோன் அதை மறுத்தார். 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், தோலும் தோல் பொருட்களும் ரோமானியப் படைக்கு விற்கப்பட்டிருக்கலாம் என்று வாதிட்டார். கூடாரம், கேடய உறை, சேணம், செருப்பு என்று ஒரு படைக்குத் தோல் எவ்வளவு தேவை என்பதே அவர் வாதத்தின் அடிப்படை. அரபு மரபுக் கதைகளிலும் குறைஷியர் தோல் வணிகம் செய்த குறிப்புகள் உண்டு. டேனரிகளில் பதனிட்ட தோலைக் கப்பலேற்றி வாழும் ஊர்களில் இது வேறுவிதமாகக் கேட்கும்.

பின்னர்

2009-இன் ‘ஸ்பிரிச்சுவல் டைமென்ஷன்ஸ்’ இசைத்தட்டில் ஐயர் மீண்டும் வாசித்தார், ஆனால் அப்போது இரண்டு டிரம்ஸ் கலைஞர்களோடு குழு ஐவராகியிருந்தது. ஆண்டனி டேவிஸ் திரும்பி வந்தார். அவரோடு 2012-இல் வெளியான ‘டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்’ நான்கு தட்டுகள், 19 பகுதிகள் கொண்டது. 1977 முதல் எழுதிச் சேர்த்தது. 2013-இல் புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஷானன் ஜாக்சன் அதே ஆண்டு மறைந்தார்.

ஐயரின் வேறொரு குழு வேலூர் வட்டாரத்தோடு நேரடித் தொடர்பு உடையது. 2011-இல் வெளியான ‘தீர்த்தா’ மூவர் இசைத்தட்டில் கிதார் வாசித்த பிரசன்னா ராணிப்பேட்டையில் வளர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யிலும் பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரியிலும் படித்தவர். தபலாவில் நிதின் மித்தா.

ஸ்மித்தும் ஐயரும் இருவராகவும் வாசித்தனர். ஓவியர் நஸ்ரீன் முகமதியை முன்வைத்த ‘எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்’ 2016-இல் வந்தது. பேஸும் டிரம்ஸும் இல்லாத நிலையில் டிரம்பெட் இன்னும் வெளிச்சத்தில் நிற்கிறது. அடுத்த இருவர் இசைத்தட்டான ‘டிஃபையன்ட் லைஃப்’ 2025-இல் வெளிவந்தபோது ஸ்மித்துக்கு வயது 83.