பினாங்கு போறீங்களா? ஜார்ஜ் டவுனில் எதைப் பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்... பழைய தெருக்களில் குடும்பங்கள் குறைவது ஏன்?

சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோவின் நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. அதுவரை கோலாலம்பூர் போய் மாறிப் போக வேண்டியிருந்த ஊர், இப்போது ஒரே மூச்சில் போகக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது.

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் துறைமுக நகரம் ஜார்ஜ் டவுன். 2008 ஜூலையில் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. பழைய கட்டடங்கள் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. பல இன மக்கள் அங்கேயே வாழ்ந்து, தொழில் செய்து, சாமி கும்பிட்டு வருவதும் ஒரு காரணம். இப்போது ஆட்டம் கண்டிருப்பது அந்த வாழ்க்கைதான்.

ஒரே தெருவில் எத்தனை மதம்?

நடையை ஆரம்பிக்கச் சரியான இடம் மஸ்ஜித் கப்பித்தான் கேலிங் தெரு. 1786-ல் ஆங்கிலேய வணிகக் கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கைப்பற்றித் துறைமுகம் அமைத்த பிறகு, பல ஊர்க்காரர்களும் இங்கே வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணை அம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொய்தீன் காலத்தில் எழுந்த கப்பித்தான் கேலிங் பள்ளிவாசல் எல்லாம் இந்த ஒரே தெருவில் வரிசையாக வரும். 1833-ல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் பக்கத்திலுள்ள குயின் ஸ்ட்ரீட் பக்கமாகப் போக வேண்டும். காலை வெயில் ஏறுமுன் மெதுவாக நடந்தே முடித்துவிடலாம்.

சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயரைப் பார்த்ததும் நின்று யோசியுங்கள். 'சூலியா' என்பது அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். அருகில்தான் லிட்டில் இந்தியா. அங்கே தமிழிலேயே பேசலாம். காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்டால், டிபன் ஆச்சா என்று அர்த்தம். "பத்து வெள்ளி" என்றால் பத்து ரிங்கிட்.

கூ கொங்சி என்ற சீனக் குலமன்றம் அவசியம் பார்க்க வேண்டியது. முந்தைய கட்டடம் 1901-ல் எரிந்துபோக, 1906-ல் மறுபடி கட்டினார்கள். மரச்செதுக்கு வேலைப்பாட்டுக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் லிதுவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகாரெவிச் 2012-ல் வரைந்த சைக்கிள் குழந்தைகள் சுவரோவியம் இருக்கிறது. செல்ஃபிக்கு வரிசை நிற்கும். ஓவியத்தோடு திரும்பிவிடாமல், அந்தத் தெருவையும் கொஞ்சம் நடந்து பாருங்கள்.

குடும்பங்கள் ஏன் போயின?

இங்கே வரிசை வரிசையாக நிற்பவை கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம். 1948-க்கு முன் கட்டப்பட்ட இந்த வீடுகளுக்குப் பல காலமாக வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. வாடகை மிகக் குறைவு. அதனால் உரிமையாளர்கள் பழுது பார்க்கவில்லை, ஓடுகள் ஒழுகின. ஆனா குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தன.

1997-ல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவானது. 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை எகிறியது. பிரம்புக் கூடை முடைபவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், ஊதுவத்தி செய்பவர் போன்ற சின்னத் தொழில்காரர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2008 யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகு சுற்றுலாப் பணம் வந்தது. பல வீடுகள் அழகாகப் புதுப்பிக்கப்பட்டன, ஆனால் ஓட்டலாகவும் கஃபேயாகவும்தான். கட்டடம் பிழைத்தது, குடித்தனம் போனது.

சாப்பாட்டில் என்ன ஸ்பெஷல்?

முதலில் நாசி கண்டார். 'நாசி' என்றால் சோறு, 'கண்டார்' என்றால் தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் கம்பின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றது இது. பல குழம்புகளைச் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவதற்கு 'பஞ்சிர்', அதாவது வெள்ளம் என்று பெயர். கேம்பெல் ஸ்ட்ரீட்டில் 1907 முதல் இயங்கும் ஹமீதியாவில் கூட்டம் அலைமோதும். தட்டில் வைப்பதைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் நாசி கண்டார் கடைகளில் உண்டு. இறால், மீன்முட்டை கேட்டால் பில் ஏறும், முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

அசாம் லக்சாவில் புளிப்பு தூக்கலாக இருக்கும், நம் நாக்குக்குச் சட்டெனப் பிடிக்கும். ஆனால் அதில் மீனும் இறால் விழுதும் உண்டு. சார் குவே தியாவ் என்ற அரிசி நூடுல்ஸில் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். சைவம், ஹலால் பார்ப்பவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

சமையலிலும் அதே கவலைதான். அடுத்த தலைமுறை கரண்டியைப் பிடிக்க வருவதில்லை. தெருக்கடை உணவை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சமைக்கக் கூடாது என்று பினாங்கு மாநில அரசு 2014-ல் அறிவித்து, 2016-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. ருசி மாறிவிடக் கூடாது என்பது அரசின் வாதம். ஆனால் தடை போட்டால் மட்டும் உள்ளூர் இளைஞர்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார்களா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என்ன வாங்கலாம்?

காந்தம், டீ-ஷர்ட் எல்லா ஊரிலும் கிடைக்கும். பினாங்குக்கே உரியது ஜாதிக்காய்: ஊறுகாய், எண்ணெய், ஜூஸ் என்று விதவிதமாக விற்பார்கள். பாசிப்பருப்பு பூரணம் வைத்த 'தாவ் சார் பியா' பிஸ்கட் நாள்படக் கெடாது. சௌராஸ்தா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. கையால் செய்பவரிடமே நேரடியாக வாங்க வாய்ப்பு கிடைத்தால், அந்தக் காசு ஒரு கடைவீட்டின் வாடகைக்குப் போகிறது.

கடல்மேல் தெரு

வெல்ட் கீ கரையோரம் மரக்கால்கள் மேல் நிற்கும் சீனக் குலத்தவர் குடியிருப்புகள் உண்டு. பிரபலமானது சியூ ஜெட்டி. கோய் ஜெட்டி 2006-ல் இடிக்கப்பட்டது. இங்கே வாசல்களில் துணி காயும், பாட்டிகள் டிவி பார்ப்பார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

போகும் முன்

இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டுள்ளது. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள். ஊருக்குள் 'கேட்' என்ற இலவச பஸ் சுற்றிவரும். பல தெருக்கடைகள் வாரத்தில் ஒருநாள் லீவு, சில மதியத்தோடு மூடிவிடும். அதனால் சாப்பாட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப நடையைத் திட்டமிடுங்கள்.