அபாயச் சங்கேதங்களும் ஆபத்துக்கால ஆயத்தமும்: திருவனந்தபுரம்

அபாயச் சங்கேதம் என்பது, விவரித்துக்கொண்டிருக்க அவகாசமில்லாத வேளையில், நிறம், ஒலி, எண் ஆகியவற்றில் ஒன்றால் ஆபத்தை அறிவித்து, அறிந்தவர் உடனே செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே வகுத்துவைத்த ஏற்பாடாகும். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு தமிழர் நன்கறிந்த உதாரணம்; அவற்றுள் கடைசியான பதினோராம் எண், புயலின் உக்கிரத்தைக் குறிப்பதன்று, வானிலை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்பதைக் குறிப்பது என்பதைப் பலர் அறியார்.

திருவனந்தபுரத்தில் இவ்வகை அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே குன்றிலிருந்து பிறக்கின்றன. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் வானாய்வுக் கூடம் நிறுவி, ஜான் கால்டிகாட்டை அதன் முதல் அதிபராக அமர்த்திய அக்குன்றில்தான், இன்று இந்திய வானிலைத் துறையின் கேந்திரமும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் வழிவந்த கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இருக்கின்றன. மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும் மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டரும் தலைவர். எந்தத் துறை எப்பொழுது எதைச் செய்ய வேண்டும் என்பதை மாநில ஆணையம் ‘ஆரஞ்சு புத்தகம்’ என்னும் பெயரில் தொகுத்து வெளியிட்டிருக்கிறது.

மழைக்குரிய சங்கேதம் நிறம். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள், 204.4 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு என்பது கேரளத்தில் வழங்கும் கணக்கு. சிவப்பு என்றதும் கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவது வழக்கமாகிவிட்டபடியால், மழைக்கால மாலைகளில் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதைவிடக் கலெக்டரின் முகநூல் பக்கத்தையே ஆவலோடு பார்க்கிறார்கள். அபாயத்தின் நிறம் அவர்கள் மனத்தில் விடுமுறையின் நிறமாகப் பதிந்திருப்பதை விளையாட்டாக மட்டும் கருதுவதற்கில்லை.

சங்கேதம் உரிய வேளையில் உரியவரை எட்டாவிடில் நேரும் விபரீதத்தை இக்கடற்கரை 2017இல் கண்டது. நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயலாக உருக்கொண்டபோது, பூந்துறை, விழிஞ்ஞம் ஆகிய ஊர்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலிருந்தும் சென்ற படகுகள் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தன. கரையில் எழுப்பிய எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. இப்படிப்பட்ட குறையைத் தீர்க்கும் முயற்சிகளில் பெரியது, உலக வங்கியின் உதவி பெற்ற தேசியப் புயலிடர் தணிப்புத் திட்டத்தின்கீழ் அமைந்து, 2025 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘கவசம்’ என்னும் எச்சரிக்கை அமைப்பு. மாநிலமெங்கும் 126 சங்குகளைக் கொண்ட திட்டம் இது. அவற்றுள் பல பள்ளிக் கட்டிடங்களின் மேலேயே நிற்கின்றன. ஆயினும், கரையிலுள்ள சங்கின் ஓசை ஆழ்கடலிலுள்ள படகுக்குக் கேட்காது.

பள்ளிக்கூடத்தின் சங்கேதம் மணி. மாலையில் விடாமல் அடிக்கும் மணியை மலையாளத்தில் ‘கூட்டமணி’ என்பார்கள்; ஊருக்கு ஆபத்து நேரும்போது தேவாலயத்தில் விடாமல் அடிக்கும் மணிக்கும் அதுவே பெயர். வீடு திரும்பும் உற்சாகத்தையும் உயிருக்கு ஓடும் அவசரத்தையும் ஒரே ஓசையால் அறிவிக்க முற்பட்டால், புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு குடையைத் தேடி நிற்கும் சிறுவனைக் குறைகூற இயலாது. ஆகவே தீ முதலிய அபாயங்களுக்கு வேறோர் ஓசையும், ஒவ்வொரு வகுப்பும் இறங்க வேண்டிய படிக்கட்டும், வந்து கூட வேண்டிய திடலும், அங்கே வருகைப் பதிவேட்டைக் கொண்டு தலைகளை எண்ண வேண்டிய ஆசிரியரும் முன்னரே நிச்சயிக்கப்பட்டிருத்தல் அவசியம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்ட பின்னரே இவ்விஷயம் தேசத்தின் கவனத்துக்கு வந்தது. பள்ளிகளில் தீத்தடுப்புச் சாதனங்கள் இருந்தே தீர வேண்டும் என உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2009இல்.

மணியடிக்க ஆளில்லாத வேளையிலும் ஆபத்து வரும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மண்சரிந்து வெள்ளார்மலைப் பள்ளியும் சிதைந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.

ஒத்திகையில்லாத திட்டம் வெறும் காகிதமே. 2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகையில் கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் மாலை 4 மணிக்குச் சங்கு ஒலித்தது. ஏறி இறங்கும் ஒலி ஆபத்தையும், ஏற்ற இறக்கமின்றி நீளும் ஒலி ஆபத்து நீங்கியதையும் குறிப்பது குடிமைப் பாதுகாப்பின் பழைய மரபு. ஆனால் அது கோடை விடுமுறைக் காலம். இவ்வேறுபாட்டை முதலில் கற்க வேண்டிய பிள்ளைகளின் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன.

அவசர உதவிக்கு 112. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. வெளியூரிலிருந்து திருவனந்தபுரத்து மாவட்ட அறையை அழைப்போர் 1077க்கு முன் 0471 சேர்க்க வேண்டும்.