பணிவாழ்வு உளவியலின் வரலாறு

பணிவாழ்வு உளவியல் என்பது மனிதருக்கும் அவர் செய்யும் வேலைக்கும் இடையிலான உறவை ஆராயும் துறையாகும். எவ்வளவு நேரம் உழைத்தால் உடல் தளரும், எத்தகைய வேலை மனநிறைவைத் தரும், எத்தகைய வேலை நோயைத் தரும் என்பன இதன் அடிப்படைக் கேள்விகள். ஒரு தொழிலாளியிடமிருந்து எவ்வளவு உற்பத்தியைப் பெற முடியும் என்ற நிர்வாகத்தின் கேள்வியே இத்துறையின் தொடக்கம். வேலை மனிதரை என்ன செய்கிறது என்ற கேள்வி பின்னர்தான் வலுப்பெற்றது. வேலைக்கேற்ப மனிதரை மாற்றுவதா, மனிதருக்கேற்ப வேலையை மாற்றுவதா என்ற விவாதம் இவ்வரலாறு முழுவதும் தொடர்கிறது.

நிறுத்து கடிகாரமும் களைப்பும்

அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் வின்சுலோ டெய்லர் 1911-இல் அறிவியல் மேலாண்மை பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு வேலையையும் சிறுசிறு அசைவுகளாகப் பிரித்து, நிறுத்து கடிகாரத்தால் அளந்து, மிக விரைவான வழியை மட்டும் தொழிலாளிக்குக் கற்பிப்பது அவரது முறை. சிந்திப்பது நிர்வாகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்ற பிரிவினை இதன் அடித்தளம். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு டெய்லரையே அழைத்து விசாரித்தது.

முதல் உலகப்போர் வேறொரு பாடத்தைத் தந்தது. பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஞாயிறு விடுமுறைகூட இன்றி வேலை வாங்கப்பட்டது. 1915-இல் அமைக்கப்பட்ட அரசுக் குழு ஒன்று இதை ஆராய்ந்தது. வேலை நேரத்தைக் குறைத்தபோதும் மொத்த உற்பத்தி விழவில்லை என்பதும், சில பிரிவுகளில் அது கூடியது என்பதும் தெரியவந்தன. களைப்பு என்பது சோம்பலன்று, அளந்து அறியத்தக்க உடல்நிலை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

ஆய்வாளர்கள் அளந்து சொன்னதைத் தொழிலாளர்கள் தம் அனுபவத்திலேயே அறிந்திருந்தனர். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி. பி. வாடியா அதன் தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவர். பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் முன்வைத்த குறைகளுள் ஒன்று, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. கைகழுவி, உண்டு, மீண்டும் இயந்திரத்தின் முன் வந்து நிற்க அந்த நேரம் காணவில்லை. எட்டு மணி நேர வேலைநாளைத் தொழிற்சாலைகளுக்கு வகுத்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை அடுத்த ஆண்டில், 1919-இல் நிறைவேறியது.

ஹாத்தோர்ன் ஆய்வுகள்

சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் இத்துறையின் போக்கை மாற்றின. முதலில் விளக்கொளிக்கும் உற்பத்திக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டது. தெளிவான விடை கிடைக்கவில்லை. 1927-இல் தொலைபேசிக்கான ரிலே கருவிகளைப் பொருத்தும் ஐந்து பெண்கள் தனி அறைக்கு மாற்றப்பட்டனர். அவர்களுக்கு இடையோய்வு, சிற்றுண்டி, முன்கூட்டியே வீடு திரும்பும் வசதி ஆகியவை ஒவ்வொன்றாக வழங்கப்பட்டன. உற்பத்தி உயர்ந்தது. பின்னர் சலுகைகள் யாவும் நீக்கப்பட்டபோதும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை.

எல்டன் மேயோவும் அவரைச் சார்ந்தோரும், தம்மை ஒருவர் பொருட்படுத்துகிறார் என்ற உணர்வும் குழுவின் நட்புறவுமே இதற்குக் காரணம் என்றனர். மனித உறவுக் கோட்பாடு இவ்வாறு பிறந்தது. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் சில உண்மைகளைச் சுட்டிக்காட்டினர். அந்தச் சிறு குழுவின் உற்பத்தியைப் பொறுத்தே அப்பெண்களின் ஊதியம் கணக்கிடப்பட்டது. ஆகவே கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் வருவாய் கிடைத்தது. ஒத்துழைக்கவில்லை என்று கருதப்பட்ட இருவர் ஆய்வின் நடுவில் நீக்கப்பட்டு, வேறு இருவர் சேர்க்கப்பட்டனர்.

1931-32-இல் 14 ஆண்களைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வில் இதற்கு நேர்மாறான விளைவு கிடைத்தது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என அவர்கள் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதை மீறியவரைக் கேலி செய்தும் தோளில் குத்தியும் கட்டுப்படுத்தினர். மேயோவின் தரப்பு இதை உணர்ச்சிவயப்பட்ட நடத்தையாகக் கண்டது. ஆனால் அது பெருமந்தக் காலம். அதிகம் உற்பத்தி செய்தால் கூலி விகிதம் குறையும், ஆட்குறைப்பு வரும் என்ற அச்சம் காரணமற்றதன்று. தொழிலாளியின் மனத்தை ஆராய்ந்தவர்கள் அவருடைய சூழ்நிலையைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே ஹாத்தோர்ன் மீதான முதன்மையான விமர்சனம்.

வேலையற்ற ஊர்: மரியந்தால்

வேலை மனிதருக்கு என்ன தருகிறது என்பதை, வேலை பறிபோன ஓர் ஊர் தெளிவாகக் காட்டியது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்த ஊர். பெருமந்தத்தால் அந்த ஆலை மூடப்பட்டது. மேரி ஜகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் சைசல் ஆகியோர் அங்கே ஆராய்ந்து 1933-இல் அறிக்கை வெளியிட்டனர்.

ஊராருக்கு நேரம் மிகுதியாக இருந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கட்டணமின்றி ஆன பின்னும், இரவல் பெற்ற நூல்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. பெண்கள் மட்டும் விரைந்து நடந்தனர். சமையலும் பிள்ளை வளர்ப்பும் அவர்களை விட்டுப் போகவில்லை. ஊதியம் தவிர, நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பொது நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், இடைவிடாத செயல் ஆகிய ஐந்தையும் வேலை தருகிறது என ஜகோடா பின்னாளில் விளக்கினார்.

சுரங்கமும் தறியும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனம் வேலையின் அமைப்பையே ஆராயத் தொடங்கியது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் முன்பு சிறு குழுவினர் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே செய்துவந்தனர். இயந்திரங்கள் வந்தபின் வேலை துண்டாடப்பட்டது. ஒரு முறைப்பணியினர் வெட்ட, அடுத்தவர் அள்ளினர். ஒருவர் விட்ட குறையை அடுத்தவர் சுமக்க நேர்ந்தது; பழிசொல்லலும் வேலைக்கு வராமையும் பெருகின. எரிக் டிரிஸ்டும், முன்னாள் சுரங்கத் தொழிலாளியான கென் பாம்ஃபோர்த்தும் 1951-இல் இதை விளக்கினர். இயந்திரம் மாறும்போது மனித உறவுகளும் மாறுகின்றன. ஒன்றை மட்டும் திட்டமிட்டால் மற்றது சிதையும் என்பது அவர்களின் முடிவு.

இதே நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் பணியாற்றினார். அங்குப் புதிய தானியங்கித் தறிகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. தறிகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கலாம் என அவர் கூறினார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதை உடனே ஏற்றுத் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, துணியில் பழுது குறைந்தது.

கட்டுப்பாடும் இதயநோயும்

பொறுப்பு மிகுந்த உயரதிகாரிகளே மாரடைப்புக்கு ஆளாகின்றனர் என்பது நெடுநாள் நம்பிக்கை. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதைத் தகர்த்தது. பதவிப்படியில் கீழே செல்லச்செல்ல இதயநோயால் இறப்போர் விகிதம் கூடியது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி மறையவில்லை.

இதற்கு ஒரு விளக்கத்தை ராபர்ட் கராசெக் 1979-இல் வெளியிட்ட கோட்பாட்டில் காணலாம். பணிச்சுமை மட்டும் தீங்கன்று. சுமை மிகுந்தும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருப்பதே பெருந்தீங்கு. மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு 10,308 ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. தம் வேலைமீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் என அதுவும் கண்டது.

பணிச்சோர்வு

நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த ஊழியர்கள் சில மாதங்களில் வற்றிப்போவதைக் கண்டு 1974-இல் பணிச்சோர்வு பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் கருவியை உருவாக்கினார். உணர்வு வற்றுதல், பிறரிடம் ஈரமின்றிப் போதல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் பணிச்சோர்வைப் பணிசார்ந்த நிகழ்வாக வரையறுத்தது. அதை நோயாக வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்பது அவ்வரையறையின் சாரம்.

இன்றைய நிலை

மூச்சுப்பயிற்சி, தியான வகுப்பு, கைப்பேசிச் செயலி ஆகியவற்றை இன்று பல நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு வழங்குகின்றன. இவை சிலருக்கு ஆறுதல் தரக்கூடும். ஆனால் ஆள்பற்றாக்குறை, முடிவில்லா வேலை நேரம், கருத்துக் கூற இடமின்மை ஆகியவை அப்படியே இருக்கையில், நெருக்கடியைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் ஊழியர் தலையில் விழுகிறது. ஒரு நூற்றாண்டு ஆய்வுகள் காட்டுவது வேறு. போதிய ஓய்வு, முழுமையான வேலை, நம்பத்தக்க சக பணியாளர்கள், செய்யும் முறையைத் தீர்மானிப்பதில் பங்கு ஆகியவையே நலமான பணிவாழ்வின் தூண்கள்.

வேலையை மாற்றுவது எப்போதும் பெரிய செயலாக இருக்க வேண்டியதில்லை. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் விற்பனையாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கால் வலியைப் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியை அச்சட்டம் கேட்கவில்லை. உட்கார ஓர் இடத்தைக் கேட்டது.