காசநோயும் கணினிக் கூட்டுறவும்

மதனப்பள்ளி என்றதும் தக்காளிச் சந்தையே பலர்க்கும் நினைவுக்கு வரும். 2022 வரை நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூரின் அருகே ஆரோக்கியவரம் என்றோர் இடம் உண்டு. கிறித்தவ சபைகள் பல ஒன்றுகூடி 1915 ஆம் ஆண்டு அங்கே காசநோய்ச் சானடோரியம் ஒன்றை நிறுவின. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட்-மோலர் அதனைத் தலைமையேற்று நடத்தினார். காசத்திற்கு மருந்தில்லாத காலம் அது. தூய காற்றும், ஓய்வும், நல்லுணவுமே சிகிச்சை. நோயாளர் மனைவி மக்களைப் பிரிந்து மாதக்கணக்கில் தங்கினர். இடம் பெற்றோர் சிலர், பெறாதோர் பலர்.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943 இலும், ஐசோனியாசிட் 1952 இலும் வந்த பின்னரும் படுக்கைப் பஞ்சம் தீரவில்லை. 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் இதற்கு வழி தேடியது. வீட்டிலிருந்தபடியே மருந்து உண்போரும் சானடோரியத்தில் தங்குவோரைப் போலவே குணமடைவர் என்பதை 1959 இல் அது உலகிற்கு உணர்த்தியது. ஓரிடத்தில் குவிந்திருந்த மருத்துவம் வீடுதோறும் பரவியபோதுதான் ஏழைக்கு எட்டியது.

இதே உண்மையைப் பிற்காலத்தில் கணினி அறிஞரும் கண்டனர். காசக் கிருமியின் மரபணுத் தொகுதி 1998 இல் முழுதும் படித்தறியப்பட்டது. அதில் எழுத்துகள் போல் அமைந்தவை ஏறத்தாழ 44 லட்சம். மரபணுக்கள் சுமார் 4,000. கிருமியின் எந்தப் புரதத்தை எந்த மூலக்கூறு பற்றி முடக்கும் என்று லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் கணக்கிட்டுப் பார்க்க ஒரு கணினிக்கு ஆயுள் போதாது. ஒரு வாகனில் ஏறாத சரக்கைப் பல வாகன்களில் பிரித்தேற்றிச் சேருமிடத்தில் சரிபார்த்துக் கூட்டுவது இரயில்வேயில் உள்ள நாம் அறிந்த முறை. அவ்வாறே கணக்கும் துண்டு துண்டாகப் பல கணினிகளுக்கு அனுப்பப்படுகிறது. பிழை நேராவண்ணம் ஒரே துண்டை இரு கணினிகளிடம் கொடுத்து ஒப்பிடுதலும் உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2000 ஆம் ஆண்டு தோன்றிய 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டம், பொதுமக்கள் வீட்டில் வாளா இருக்கும் கணினிகளைப் புரத ஆராய்ச்சிக்கு இரவல் கேட்டது. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் உதவ முன்வந்தோர் பெருகவே, அக்கூட்டின் வேகம் வினாடிக்கு ஒன்றின் பின் 18 சுழிகள் இட்ட எண்ணளவுக் கணக்குகளைத் தாண்டியது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக அறிஞர்கள் காசக் கிருமியின் மெழுகுச் சுவரை ஆராய 2016 இல் இத்தகைய பொதுமக்கள் கணினிகளையே நாடினர். மருந்தை உட்புகவிடாமல் தடுப்பது அச்சுவரே.

நம் நாடும் பின்தங்கவில்லை. சி-டாக் நிறுவனம் 2004 இல் தொடங்கிய கணினிப் பிணைப்புக்குக் 'கருடா' என்று பெயர். கருட சேவைக்கு மக்கள் வெள்ளமெனத் திரளும் திருப்பதியில் வாழும் நமக்கு அப்பெயரே இனிக்கும். 17 நகரங்களின் 45 நிறுவனங்களை அது இணைத்தது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் 2008 இல் தொடங்கிய திறந்தமுறை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டமும் அப்பிணைப்பைப் பயன்படுத்திக்கொண்டது. காச ஆராய்ச்சியை எவரும் காணத் திறந்துவைத்த அத்திட்டத்தில் கல்லூரி மாணவர் பலர் பங்குகொண்டு, கிருமியின் மரபணுக் குறிப்புகளை 2010 இல் தொகுத்தளித்தனர்.

எனினும் கணக்கு மட்டுமே மருந்தாகாது. அது காட்டிய மூலக்கூறு ஆய்வுக்கூடத்திலும், விலங்குகளிடமும், பின்னர் மனிதரிடமும் தேற வேண்டும். அதற்கு ஆண்டுகள் பல ஆகும். அதுவரை நோய் காத்திராது. இன்றும் உலகின் காசநோயாளர் நால்வரில் ஒருவர் இந்தியர். பழைய மருந்துகளுக்கு அடங்காத காசமும் பரவி நிற்கிறது.

ஆதலின் நம் கடமை இரண்டு. நம் இளைஞர் தம் கணினியின் ஓய்வு நேரத்தை இத்தகைய ஆராய்ச்சிக்கு ஈயலாம். இரு வாரத்திற்கு மேல் இருமல் நீடிப்பவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, இலவச மருந்தை இடையில் நிறுத்தாது உண்ணச் செய்தல் அதனினும் பெரிது. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. இத்தேரின் வடத்தில் நம் கையும் இருக்கட்டும்.