பின்விளக்கும் பொறுப்பும்

சைக்கிளின் பின்புறத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் அதை முன்னிட்டு இங்கிலாந்தில் நடந்த நீண்ட வாதம், வாகனங்கள் நெருங்கி ஓடும் சாலையில் எளியவனின் உயிருக்குக் காவல் யார் என்ற பெரிய கேள்வியையே எழுப்பியது.

ஆளுயர முன்சக்கரத்தின் மேல் அமர்ந்து தலைகுப்புற விழும் அபாயத்தோடு ஓட்டிவந்த காலம் போய், 1885-இல் கவென்ட்ரி நகரத்து ஸ்டார்லி இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவான ‘ரோவர்’ சைக்கிளைச் செய்தளித்த பிறகு, அது சாமானிய ஜனங்களின் வாகனமாயிற்று. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் சைக்கிளையும் வண்டி இனத்தில் சேர்த்து, இரவில் விளக்கேற்றவும், பிறரைக் கடக்கும்போது மணியடித்து எச்சரிக்கவும் கட்டளையிட்டது. அந்நாளைய முன்விளக்கு, எண்ணெயும் திரியும் கொண்டு, பக்கத்துக்கொன்றாகச் சிவப்பும் பச்சையுமான கண்ணாடிக் கற்கள் பதித்த சிறு கூண்டு. பின்னர் வந்த கார்பைடு விளக்கிலோ, மேலறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே விழ, அங்கே பிறக்கும் வாயு வெண்சுடராக எரியும்.

மோட்டார்கள் பெருகின. 1930-ஆம் ஆண்டுச் சட்டம் கார்களுக்கு இருந்த வேகக் கட்டுப்பாட்டையே நீக்கிவிட, 1934-இல் மட்டும் பிரிட்டிஷ் சாலைகளில் 7,343 பேர் மாண்டனர். சைக்கிளுக்குப் பின்விளக்கு கட்டாயமாக வேண்டும் என்ற குரல் ஓங்கியது. 1878-இல் தோன்றிய சைக்கிள் பிரயாணிகள் சங்கத்தார் அதைக் கடுமையாக எதிர்த்தனர். தன் விளக்கொளியில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அவ்வளவு தூரத்துக்குள் வண்டியை நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்வதே மோட்டார் ஓட்டுபவரின் கடமை என்பதும், முதுகுக்குப் பின்னே இருக்கும் விளக்கு அணைந்தால் ஓட்டுபவனுக்கு அது தெரியாது என்பதும், விளக்கேந்தாமல் நடந்து செல்பவரின் கதி என்ன என்பதும் அவர்கள் வாதங்கள்.

அந்த 1934-ஆம் ஆண்டு டிசம்பரில் போக்குவரத்து மந்திரி ஹோர்-பெலிஷா, லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதையைத் திறந்துவைத்தார். பொதுச்சாலையில் தங்களுக்குள்ள உரிமை இதனால் பறிபோகும் என்று சங்கத்தார் அதையும் ஏற்கவில்லை. 1935 மார்ச்சில் குடியிருப்புகள் செறிந்த இடங்களில் வேக வரம்பு, மணிக்கு 30 மைலாக, மீண்டும் வந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்து இருட்டடிப்பு பின்விளக்கைக் கட்டாயமாக்கிற்று. 1945-இல் அது நிரந்தரச் சட்டமாயிற்று.

விளக்கு விதி நம் நாட்டிலும் வேரூன்றியது. அந்தி மயங்கியபின் விளக்கில்லாமலோ, ‘டபிள்ஸ்’ ஏற்றியோ வருபவரைத் தெருமுனையில் மடக்கி, சக்கரத்துக் காற்றைப் பிடுங்கிவிட்ட போலீஸ்காரரை முந்திய தலைமுறையினர் நன்கறிவர். டயரில் உராய்ந்து சுழலும் டைனமோவுக்காக ஒரு மடங்கு கூடுதலாக மிதித்த கால்கள் எத்தனை!

விளக்கு வேண்டியதே, உயிரைப் பேணும் எதையும் மறுப்பது விவேகமன்று. நெரிசலில் செல்பவர் விளக்கும் மணியும் பிரேக்கும் செவ்வனே இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரே நேர்கோட்டில் ஓட்டி, நின்றிருக்கும் காரின் கதவு எக்கணமும் திறக்கலாம் என்று எண்ணி ஓரடி விலகிச் செல்லட்டும். ஆனால் அச்சங்கத்தார் காட்டிய நியாயம் இன்றும் பழுதுபடவில்லை: வலியவனின் வேகத்துக்கு எளியவனின் எச்சரிக்கை ஒருபோதும் ஈடாகாது. வேகத்தை அடக்குவதும் பாதையை வகுப்பதும் அரசின் கடமை. பின்னால் வருபவரே முன்னால் செல்பவரின் உயிருக்குப் பொறுப்பாளி என்பதை மோட்டார் ஓட்டும் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.