அறை போட முடியாத வழி



வரும் ஆடித் திருவிழாவை ஒட்டி, இலங்கையில் கதிர்காமப் பாதயாத்திரையில் சில நாட்களாவது நடக்க வேண்டும் என்று எனக்கும், என்னோடு ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரிய நண்பர்களுக்கும் ஆசை. சொன்னதுதான் தாமதம், மருமகள் கைப்பேசியை எடுத்துவிட்டாள். "மாமா, எந்த ராத்திரி எந்த ஊருன்னு சொல்லுங்க, இப்பவே ரூம் போட்டுடறேன்." எனக்கு வயது 68, சர்க்கரையும் உண்டு. அவள் கவலை நியாயமானது. சரியான பதில் சொல்லலாமே என்று படிக்க உட்கார்ந்தேன். வரலாற்று வாத்தியார் படித்தால் சும்மா இருப்பானா? உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்குகிறது பாதை. முழுவதும் நடந்தால் ஒன்றரை மாதம் ஆகும். ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு கோயில் இருக்கிறது. கோயில் மண்டபம்தான் படுக்கை, ஊரார் போடும் அன்னதானம்தான் சாப்பாடு. யாரும் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை.

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது அந்த மண்ணின் பழைய வழக்கம். பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, இரு பக்கமும் கல் திண்ணை கட்டியிருக்கிறார்கள். போகிறவன் ஒதுங்கக்கூட வேண்டாம், அப்படியே உட்கார்ந்துவிடலாம். சிங்கள ஊர்களில் இத்தகைய வழித்தங்கலுக்கு 'அம்பலம' என்று பெயர். நம் அம்பலம் காதில் விழுகிறதல்லவா? நம் பக்கம் சுங்குவார்சத்திரமும் ஒட்டன்சத்திரமும் ஊர்ப் பெயராகவே நிலைத்துவிட்டன.

சர் பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காமத்தைப் பற்றி எழுதியபோது தம் பாட்டியை நினைவுகூர்ந்தார். 1830களில், நோயுற்ற பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு, அந்த அம்மையார் வெறுங்காலோடு கதிர்காமம் வரை நடந்து திரும்பினாராம். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சர் முத்து குமாரசுவாமி.

தமிழகத்திலிருந்தும் கடல் கடந்து போய் நடந்தார்கள். கூட்டத்தோடு காலராவும் வரவே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கில அரசு யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. 1910இல் அம்பாந்தோட்டை உதவி அரசாங்க அதிபராக இருந்து, திருவிழாக் கூட்டத்தை மேற்பார்க்கக் கதிர்காமம் போனவர் லெனார்ட் வுல்ஃப். எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபை மணந்தவர் அவர்தான். 1983க்குப் பிறகு போர் பாதையை மூடியது. 1988இல் சிலர் துணிந்து மீண்டும் நடக்கத் தொடங்கினார்கள்.

இப்போது மருமகளின் கேள்விக்கு வருகிறேன். பொத்துவில் பக்கத்து அறுகம்பையில் விடுதிகள் நிறைய உண்டு. ஜூலையில் அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டார் கூட்டம் இருக்கும். அங்கே அறையை முன்கூட்டியே போட்டுவிடலாம். உகந்தையில் கோயில் வளாகம் இருக்கிறது. அதற்கப்பால் குமன, யால காடுகள். அரசு ஆண்டுக்குச் சில நாட்கள்தான் காட்டுவழியைத் திறக்கிறது. நான்கைந்து நாள் நடை. யானையும் சிறுத்தையும் உலவும் இடம். தண்ணீர் கிடைக்கும் இடம்தான் இரவுத் தங்கல். அங்கே எந்தச் செயலியும் அறை போட்டுத் தராது.

இதையெல்லாம் மூவரும் பேசினோம். ஒரு நண்பர் காடு வழியாகவே போகலாம் என்றார். இன்னொருவர் என் மாத்திரைப் பையைப் பார்த்தார். நடு இரவில் சர்க்கரை இறங்கினால், என்னால் ஒரு கூட்டமே காட்டில் நின்றுவிடும். அதனால் மண்டூரிலிருந்து உகந்தை வரை நடப்பது, பிறகு வாகனத்தில் மொனராகலை வழியாகக் கதிர்காமம் சேர்வது என்று முடிவு. மனத்தில் கொஞ்சம் வருத்தம்தான். மருமகளுக்குப் பாதி நிம்மதி. கோயில் மண்டபத்துக்கு அறை எண் கிடையாது என்பதை அவள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு திருப்போரூர் போகிறவர்கள் நம் வழியாகத்தான் நடக்கிறார்கள். என் அப்பா கட்டிய வீட்டில் பத்துப் பேர் படுக்கும் திண்ணை இருந்தது. நான் கட்டிய வீட்டில் இரும்புக் கேட்டுதான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஊரில் யாரோ எனக்குப் பாய் விரிப்பார்கள் என்று நம்பிப் புறப்படுகிறேன். என் வாசலில் ஒருவர் உட்கார இடமில்லை.

இந்த ஆண்டு கிருத்திகைக்கு வாசலில் இரண்டு பெஞ்சும் ஒரு பந்தலும் போடப் போகிறோம். நான் ஊரில் இல்லாவிட்டாலும் மகன் பார்த்துக்கொள்வான். அருகில் இருக்கும் மாணவர்கள் ஒரு பானை மோரோடு வந்தால் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் சார்